மலேரியா ஒழிப்பில் உள்ளூர்ப் பங்களிப்பு: யார் தருவது, எதைத் தருவது?

(பயிற்சி அலுவலர்களும் பொருளியல் முதுகலை மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பொருளுக்குள் நுழையுமுன், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு கோப்புக் குறிப்பைப் பற்றிச் சொல்லிவிட விரும்புகிறேன். அப்போது நான் ஒரு மாநிலத்தின் திட்டத் துறையில் அயற்பணியில் இருந்தேன். காடும் மலையும் நிறைந்த ஒரு மாவட்டத்திலிருந்து மலேரியா ஒழிப்புக்கான செலவுக் கோரிக்கை ஒன்று வந்தது. மழைக்கு முன் மருந்து தெளிக்கும் பருவகாலப் பணியாளர்களுக்குக் கூலி, ஆய்வக நுட்பநர் பணியிடங்கள் சிலவற்றை நிரப்ப ஒப்புதல், இரத்தத் தடவல்களை ஊரிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப் போக்குவரத்துச் செலவு ஆகியவையே கோரிக்கையின் சாரம். முந்தைய மூன்றாண்டுகளில் அம்மாவட்டத்தில் நோய் நன்றாகக் குறைந்திருந்தது. நான் கணக்குப் போட்டேன். செலவை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தபோது, ஒரு நோயாளிக்கான செலவு மலைக்க வைக்கும் தொகையாக வந்தது. "நோயின் தாக்கம் குறைந்துள்ளமையால் இச்செலவினங்களைக் குறைக்கலாம், எஞ்சிய பணிகளை உள்ளூர் மக்களின் பங்களிப்பால் ஈடுசெய்யலாம்" என்று எழுதினேன். தெளிவான குறிப்பு என்று மேலதிகாரி பாராட்டினார்.

இரண்டு மழைக்காலங்கள் கழித்து அம்மாவட்டத்துக்கே ஆய்வுக்காகச் செல்ல நேர்ந்தது. ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் காய்ச்சல் சிகிச்சை மையப் பொறுப்பாளராக இருந்தார். ஊதியம் கிடையாது. காய்ச்சல் கண்டவர்களின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி வைப்பது அவர் வேலை. அலமாரியைத் திறந்து ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டினார். தூசி படிந்த சில்லுகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றில் எழுதியிருந்த தேதிகள் மூன்று மாதம் பழையவை. "ஐயா, இவற்றை யாரிடம் கொடுப்பது?" என்று மட்டும் கேட்டார். வாங்கிச் செல்ல ஆள் வருவதில்லை; ஆய்வகத்தில் நுட்பநரும் இல்லை. அந்த மழைக்காலத்தில் அவ்வூரில் இறந்தவர்களில் மலேரியாவுக்குப் பலியானோர் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் கூறவில்லை. தடவலைப் பார்க்க ஆளில்லாத இடத்தில் எல்லா நோய்க்கும் காய்ச்சல் என்ற ஒரே பெயர்தான் எழுதப்படுகிறது.

'உள்ளூர்ப் பங்களிப்பு' என்ற சொல்லை நான் எச்சரிக்கையோடு கையாளத் தொடங்கியது அன்றிலிருந்துதான். அது தீய சொல் அன்று; நல்ல சொல்தான். ஆனால் நிதித் துறையில் அமர்ந்திருப்பவர் கைக்கு அது வரும்போது, வெட்டப்பட்ட செலவை மூடி மறைக்கும் போர்வையாக எளிதில் மாறிவிடுகிறது.

வெற்றியே பகையாகும் விந்தை

நம் நாட்டின் மலேரியா வரலாற்றை நீங்கள் அறிவீர்கள், சுருக்கமாகவே நினைவூட்டுகிறேன். விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேர் இந்நோயால் பீடிக்கப்பட்டனர். 8 லட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் வெற்றியைக் கண்டு 1958இல் அதுவே ஒழிப்புத் திட்டமாக்கப்பட்டது. 1965இல் நோய் கண்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் மட்டுமே. நோய் தொலைந்தது என்று கருதப்பட்ட பகுதிகளில் மருந்து தெளிப்பு நிறுத்தப்பட்டது; கண்காணிப்புப் பொறுப்பு மாநிலங்களின் பொதுச் சுகாதாரப் பணிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றில் பல இடங்களில் அதை ஏற்கும் ஆளும் இல்லை, பொருளும் இல்லை. பூச்சிக்கொல்லி உரிய காலத்தில் வந்து சேரவில்லை; கொசுக்கள் டி.டி.டி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றன. 1973இல் அசாமின் கார்பி ஆங்லாங் மாவட்டத்தில் குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா கண்டறியப்பட்டது. 1976இல் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினர்.

இலங்கையின் கதை இன்னும் கூர்மையானது. 1963இல் அத்தீவு முழுவதிலும் பதிவானவை 17 நோய் நேர்வுகளே. தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1968-69இல் அது 5 லட்சத்தைக் கடந்த கொள்ளைநோயாகத் திரும்பியது.

இவை தனித்த நிகழ்ச்சிகள் அல்ல. 1930களிலிருந்து உலகெங்கும் நிகழ்ந்த 75 மலேரியா மீளெழுச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2012இல் வெளியாயிற்று. அவற்றில் 68 நிகழ்வுகளில் ஒழிப்புப் பணிகளின் தளர்ச்சி ஒரு காரணமாக இருந்தது. அத்தளர்ச்சிக்கு மிகப் பெரும்பாலும் சுட்டப்பட்ட காரணம் நிதிக் குறைவு. நோய் குறையக் குறைய, செலவை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுக்கும் என்னைப் போன்றவர்களின் கணக்கு பெருகிக்கொண்டே போகும். தீயணைப்பு நிலையத்தின் செலவைத் தீப்பிடித்த வீடுகளின் எண்ணிக்கையால் நாம் வகுப்பதில்லை. மலேரியாவுக்கு மட்டும் ஏனோ வகுக்கிறோம்.

இன்று இக்கேள்வி மீண்டும் நம் முன் நிற்கிறது. 2015இல் 11.69 லட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2023இல் 2.27 லட்சமாகக் குறைந்தது. அவ்வாண்டில் 122 மாவட்டங்களில் ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை. 2030க்குள் அறவே நீக்குவது நாட்டின் குறிக்கோள். உலக அளவிலோ 2023இல் மலேரியாவுக்குக் கிடைத்த நிதி சுமார் 400 கோடி டாலர். தேவை எனக் கணிக்கப்பட்டது 830 கோடி டாலர். கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் நோயுள்ள நாடுகளின் அரசுகள் தந்தன; எஞ்சியது வெளியுதவி. அவ்வுதவி எவ்வளவு விரைவில் சுருங்கக்கூடும் என்பதை 2025ஆம் ஆண்டு பல நாடுகளுக்குக் காட்டியது. ஆகவே 'உள்ளூரிலேயே பணம் திரட்டுங்கள்' என்ற அறிவுரை எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. அந்த 122 மாவட்டங்களின் கோப்புகள் உங்களில் பலருடைய மேசைக்கு வரப்போகின்றன.

சந்தாவும் அதன் எல்லையும்

உள்ளூர்ப் பங்களிப்புக்கு நம் நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. முதலாம் உலகப் போர் முடியும் தறுவாயில், கல்கத்தாவை அடுத்த பானிஹாட்டியில் டாக்டர் கோபால் சந்திர சட்டர்ஜி என்ற நுண்ணுயிரியல் அறிஞர் மலேரியா எதிர்ப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினார். உறுப்பினர்கள் சந்தா செலுத்தினர். அப்பணத்தில் குட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினர், புதர்களை வெட்டினர், வடிகால்களைச் சீராக்கினர், கொயினா வழங்கினர். அரசு வரும் வரை காத்திராமல் தாமே செய்வது என்ற அந்த முயற்சி வங்கக் கிராமங்களில் நூற்றுக்கணக்கில் பரவியது. கவிஞர் இரவீந்திரநாத தாகூர் அதை ஆதரித்துப் பேசினார். ஸ்ரீநிகேதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கூட்டுறவு முறையிலான சுகாதாரப் பணி நடந்தது.

அதே காலத்தில் வங்கத்தின் பொதுச் சுகாதார இயக்குநராக இருந்த டாக்டர் பெண்ட்லி வேறொரு கோணத்திலிருந்து நோயைப் பார்த்தார். ஆறுகள் தூர்ந்து போனதும், இருப்புப்பாதைக்கும் சாலைக்கும் எழுப்பிய கரைகள் வெள்ளநீரின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்ததும் வங்கத்தில் மலேரியா பெருகக் காரணம் என்று அவர் வாதிட்டார். இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஊர்ச் சங்கம் தன் குட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றலாம். இருப்புப்பாதைக் கரையின்கீழ் மதகு கட்ட அதன் சந்தா போதாது. கட்டும் உரிமையும் அதற்கு இல்லை. சந்தா செலுத்தாத அண்டை வீட்டுக்காரரின் குட்டையில் பிறந்த கொசுவும் சந்தா செலுத்தியவரைக் கடிக்கவே செய்யும். பொதுப் பண்டம் பற்றிய பாடத்தில் நீங்கள் படித்தவை அனைத்தும் அந்தக் குட்டையங்கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும்.

நம் அரசமைப்புச் சட்டத்தை வகுத்தவர்களும் இதை அறிந்திருந்தனர். பொதுச் சுகாதாரத்தை ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 6ஆம் இனமாக வைத்தனர். ஆனால் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பதைப் பொதுப் பட்டியலில் 29ஆம் இனமாகச் சேர்த்தனர். ஓர் ஊரின் செயலாலும் செயலின்மையாலும் அடுத்த ஊருக்கு விளையும் பயனையும் கேட்டையும் அவ்வூரின் பணப்பையால் மட்டும் நேர்செய்ய இயலாது என்பதே அதன் பொருள்.

இதற்கு நகரங்களின் அனுபவம் தக்க சான்று. 1958ஆம் ஆண்டின் ஒழிப்புத் திட்டம் ஊர்ப்புறங்களுக்கே பெரிதும் வகுக்கப்பட்டது. 40,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் கொசுப் புழுக்களை அழிக்கும் பணியை நகராட்சிகள் தம் சொந்த வருவாயிலிருந்தே செய்துகொள்ளும் என எதிர்பார்க்கப்பட்டது. அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் நிறைவேறவில்லை. வீட்டுக் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பெருகும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு சென்னை போன்ற நகரங்களில் நிலைத்துவிட்டது. நகரத்திலிருந்து நோய் மீண்டும் சிற்றூர்களுக்குச் சென்றது. மதோக் குழுவின் பரிந்துரையை ஏற்று 1971இல் மைய அரசு நகர்ப்புற மலேரியாத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. பொறுப்பை ஒப்படைத்து வருவாயை ஒப்படைக்காதது பிழை. சுருக்கெழுத்தில் சொன்னால் அவ்வளவுதான். ஆனால் அதை உணரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

பம்பாய் மட்டும் சற்று வேறுபட்டு நின்றது. முன்னர் குறிப்பிட்ட அதே டாக்டர் பெண்ட்லி 1909-11இல் அந்நகரின் மலேரியாவை ஆராய்ந்து, கிணறுகளே அதன் பிறப்பிடம் என்று கண்டார். கிணறுகளை மூடச் சொன்னபோது சமயக் காரணங்களைக் காட்டிக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் மூடியில்லாக் கிணறும் தொட்டியும் வைத்திருப்போர் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாநகராட்சிக்கு நிலைபெற்றது. மாநகராட்சிப் பணியாளர் மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்க்கிறார். மூடி இல்லையெனில் உரிமையாளர் தம் செலவில் போட வேண்டும். இதுவும் உள்ளூர்ப் பங்களிப்பே. நன்கொடை என்ற பெயரை நீக்கி, சொத்தோடு சேர்ந்த கடமையாக்கிய பங்களிப்பு. நோய் குறைந்த ஆண்டிலும் அக்கடமை குறைவதில்லை, நன்கொடை குறைந்துவிடும். கட்டடப் பணிகள் பெருகி 2010 வாக்கில் மும்பையில் மலேரியா மீண்டும் தலைதூக்கியபோது, புதிதாகச் சட்டம் தேட வேண்டியிருக்கவில்லை.

கேடா மாவட்டத்துக் குளங்கள்

இப்போது எனக்கு மிகவும் விருப்பமான எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். குஜராத்தின் கேடா மாவட்டம் கால்வாய்ப் பாசனம் மிகுந்தது. பால் கூட்டுறவுக்குப் பெயர் பெற்றது. 1980களின் தொடக்கத்தில் அங்கு மலேரியா கடுமையாக இருந்தது. அப்பகுதியின் கொசுக்கள் டி.டி.டி.க்கும், மற்றப் பூச்சிக்கொல்லிகளுக்கும் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தன. மலேரியா ஆராய்ச்சி மையத்தின் டாக்டர் வி. பி. சர்மாவும் அவருடைய குழுவினரும் 1983இல் நடியாத் வட்டத்தில் ஏழு ஊர்களில் ஒரு சோதனையைத் தொடங்கினர். பூச்சிக்கொல்லி தெளிக்காமலே கொசுவின் பிறப்பிடங்களை ஒழிப்பது அதன் நோக்கம். சில ஆண்டுகளில் அது நூறு ஊர்களுக்கு விரிந்தது.

பள்ளங்களை நிரப்பினர், வடிகால் வெட்டினர், பயன்படாத கிணறுகளின் நீர்ப்பரப்பைப் பாலிஸ்டைரீன் மணிகளால் மூடினர், நீர் தேங்கும் தாழ்நிலங்களில் மரம் நட்டனர், குளங்களிலும் தொட்டிகளிலும் புழுவை உண்ணும் கப்பி மீன்களை விட்டனர். பள்ளம் நிரப்பும் வேலையில் ஊரார் உழைப்பை நல்கினர். இதுவரை கேட்டால், வழக்கமான சிரமதானக் கதை என்று நீங்கள் நினைக்கலாம். சிரமதானத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முதல் நாள் புகைப்படம் எடுப்பார்கள். மூன்றாம் மாதம் பள்ளத்தில் மீண்டும் நீர் நிற்கும்.

கேடாவில் வேறு இரண்டு செயல்கள் நடந்தன. ஒன்று, வாரந்தோறும் ஒவ்வொரு நீர்நிலையையும் சுற்றிப் பார்க்கும் வேலை தன்னார்வத்துக்கு விடப்படவில்லை. ஊதியம் பெறும் பணியாளர்கள் அதைச் செய்தனர். கொசு முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் தவறாமல் செய்யவேண்டிய பணியை, ஓய்வு கிடைக்கும்போது செய்பவரிடம் ஒப்படைக்க இயலாது. மற்றொன்று, புழுவை உண்ணும் மீன் வளர்த்த ஊராட்சிக் குளங்களில் உண்ணும் மீன்களையும் வளர்த்தனர். மீன் விற்ற வருவாய் ஊராட்சிக்குக் கிடைத்தது. நட்ட மரங்களுக்கும் விலை உண்டு. குளத்தின் கரையைச் செதுக்கிக் களையை அகற்றினால்தான் மீன் நன்றாக வளரும். கரை சுத்தமாக இருந்தால் புழுவுக்குப் புகலிடம் இல்லை. இவ்வாறு கொசு ஒழிப்பு, மீன் வளர்ப்பின் துணை விளைவாயிற்று.

இதன் நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். மலேரியா குறைந்தால் மக்களின் அச்சம் குறையும். அச்சத்தால் தந்த சந்தாவும் உழைப்பும் குறையும். மீனின் விலையோ மலேரியாவைப் பொறுத்ததன்று. நோய் அறவே இல்லாத ஆண்டிலும் குளத்தைப் பேணுவதால் ஊராட்சிக்கு ஆதாயம் உண்டு. ஊரார் நோய்க்காகத் தருவது நீடிப்பதில்லை. வேறொரு பயனுக்காகத் தருவது நீடிக்க வாய்ப்புண்டு. புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையத்தினரும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வழியே சென்றனர். கடற்கரை மீனவர் ஊர்களின் உப்பங்கழிகளில் படர்ந்த ஒருவகைப் பாசியின் நடுவே கொசுப் புழுக்கள் மறைந்து வளர்ந்தன. பாசியை அகற்றுமாறு சொல்வதோடு நில்லாமல், அகற்றிய பாசியைத் தாள் செய்யப் பயன்படுத்தலாம் என்று கண்டனர்.

73ஆம் அரசமைப்புத் திருத்தம் 1992இல் நிறைவேறியது. அது சேர்த்த பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்கள் உள்ளன. சுகாதாரம் அதில் 23ஆவது. மீன்வளம் 5ஆவது, சமூகக் காடு வளர்ப்பு 6ஆவது. சுகாதாரத் துறை அலுவலர் ஊராட்சிக்குச் செல்லும்போது 23ஆம் பொருளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு செல்கிறார். 5ஆம் பொருளுக்குரிய துறையின் அலுவலகம் அடுத்த கட்டடத்திலேயே இருக்கலாம். இருவரும் ஆண்டுக்கொரு முறை மாவட்டக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையில் சந்தித்துக்கொள்வர்.

எதைக் கேட்கலாகாது

உள்ளூரிடம் கேட்கலாகாதவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். 1977இல் திருத்திய செயல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஊர்தோறும் மருந்து வழங்கும் மையங்களும் காய்ச்சல் சிகிச்சை மையங்களும் அமைக்கப்பட்டன. ஆசிரியர், அஞ்சலக அலுவலர், ஊராட்சி உறுப்பினர் போன்றோர் ஊதியமின்றி அவற்றை நடத்தினர். என் தொடக்கக் கதையில் வந்த ஆசிரியர் அந்த மரபில் வந்தவரே. நல்ல ஏற்பாடுதான், மருத்துவர் எட்டாத ஊர்களில் மாத்திரை எட்டியது. ஆனால் அந்த இலவச உழைப்புக்குப் பயன் கிட்ட வேண்டுமெனில் பின்னால் ஊதியம் பெறும் ஒரு சங்கிலி இயங்க வேண்டும்: தடவலை வாங்கிச் செல்பவர், நுண்ணோக்கியில் பார்ப்பவர், முடிவைத் திரும்பச் சொல்பவர், மருந்து தீருமுன் அனுப்புபவர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆசிரியரின் உழைப்பு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். நான் வெட்டியது அந்தக் கண்ணிகளையே.

மைய, மாநிலச் செலவுப் பகிர்விலும் இத்தகைய அறுபடல் நிகழ்ந்ததுண்டு. 1979 முதல் செலவு சரிபாதியாகப் பகிரப்பட்டது. நடைமுறையில் மையம் பெரும்பாலும் மருந்து, பூச்சிக்கொல்லி ஆகிய பொருள்களைத் தந்தது. பணியாளர் செலவு மாநிலத்தைச் சேர்ந்தது. கிடங்கில் பூச்சிக்கொல்லி இருக்கும். தெளிக்கக் கூலி ஒதுக்கப்பட்டிராது. இணைநிதி தர இயலாத வடகிழக்கு மாநிலங்களுக்கு 1994 டிசம்பர் முதல் முழுச் செலவையும் மையமே ஏற்றது. சமமான பங்கு என்பது நியாயமான பங்கு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. மலேரியா மிகுந்துள்ள ஊரும் வறுமை மிகுந்துள்ள ஊரும் பெரும்பாலும் ஒன்றே. அங்கே சென்று சோதனைக்குக் கட்டணம் விதித்தால், காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்திருப்பார். அவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக்குச் செல்லும். இரத்தச் சோதனையும் மருந்தும் இலவசமாக இருப்பது இரக்கத்தால் அன்று. அது இல்லாவிடில் கட்டணம் செலுத்தியவரும் நோயுறுவார் என்பதால்.

மாநிலம் தன் சொந்தப் பணத்தைப் போட்டால் என்ன நிகழும் என்பதற்கு ஒடிசா அண்மைய எடுத்துக்காட்டு. 2016இல் அங்கு 4.4 லட்சம் நோயாளிகள் பதிவாயினர். 2017இல் 'தமன்' என்ற பெயரில், எளிதில் சென்றடைய இயலாத மலைச் சிற்றூர்களுக்கான தனித் திட்டத்தை அம்மாநிலம் தன் நிதியில் தொடங்கியது. காய்ச்சல் இருப்பினும் இல்லாவிடினும் ஊரார் அனைவருக்கும் மழைக்கு முன்னும் பின்னும் இரத்தச் சோதனை, ஒட்டுண்ணி கண்டவர்க்கு மருந்து, வீடுகளில் தெளிப்பு, மருந்தூட்டிய கொசுவலை என்று பணி நடந்தது. 2018இல் எண்ணிக்கை 70 ஆயிரத்துக்கும் கீழே வந்தது; 2022இல் சுமார் 24 ஆயிரம். ஆனால் 2023இல் மீண்டும் 40 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த ஏற்றத்துக்கான காரணங்களை மருத்துவ அறிஞர்கள் ஆராயட்டும். நிதித் துறையினராகிய நாம் அறியவேண்டியது ஒன்றே: 24 ஆயிரம் என்ற எண் செலவைக் குறைக்கும் நேரத்தை அறிவிக்கும் மணி அன்று.

இலங்கை பிற்காலத்தில் இதைச் செய்துகாட்டியது. 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தோன்றிய மலேரியா இல்லை. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பிறகும் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தை அந்நாடு கலைத்துவிடவில்லை. 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு நோய் தொற்றியது. உடனே கண்டறிந்தனர், பரவாமல் தடுத்தனர். அந்த ஒரு நோயாளிக்கு ஆன செலவை என் பழைய முறைப்படி வகுத்துப் பார்த்தால் எவ்வளவு வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

பணம் எங்கே இருக்கிறது

ஊராட்சியிடம் பணமே இல்லை என்று சொல்வதும் இப்போது முழு உண்மை அன்று. 2005இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கம் ஊர்ச் சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டுப்பாடற்ற நிதியாக வழங்க வகைசெய்தது. பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகளின் வாயிலாகச் சுகாதாரத்துக்கென 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. பத்தாயிரம் ரூபாயில் ஒரு மதகைக் கட்ட இயலாது. ஆனால் தூர்ந்த வடிகாலை இருமுறை வெட்டலாம், கப்பி மீன் வளர்க்க ஒரு தொட்டி கட்டலாம். பல ஊர்களில் அத்தொகை சுவர் விளம்பரத்துக்கும் நாற்காலிக்கும் செலவாகியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். குழுவைக் குறை கூறிப் பயனில்லை. எந்த மாதத்தில் எந்தக் குட்டை ஆபத்தானது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய பூச்சியியல் பணியாளரின் பணியிடம் காலியாக இருக்கும். அதையும் யாரோ ஒருவர் கோப்பில் வெட்டியிருப்பார்.

எனவே உங்களிடம் ஒரு மாவட்டத்தின் கோரிக்கை வரும்போது நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்க்குமுன் சோதிக்கப்பட்ட இரத்தத் தடவல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். சோதனையும் சேர்ந்து குறைந்திருந்தால், நோய் குறைந்தது என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை. தடவல் எடுத்த நாளுக்கும் முடிவு தெரிந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று கேளுங்கள். உள்ளூர்ப் பங்களிப்பு என்று ஒரு தொகை காட்டப்பட்டிருந்தால், அது யாருடைய கையிலிருந்து, எந்தப் பயனுக்கு ஈடாக வருகிறது என்று கேளுங்கள். விடை 'மக்களின் ஒத்துழைப்பு' என்று மட்டும் இருந்தால், அந்தத் தொகையை வரவாகக் கொள்ள வேண்டாம்.

உங்கள் மாவட்டங்களின் வரவு-செலவுத் திட்ட ஏடுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். உணவு இடைவேளைக்குப் பின் அவற்றைப் பிரித்து, மலேரியாவுக்கான செலவு எந்தெந்தத் தலைப்புகளின்கீழ் சிதறிக் கிடக்கிறது என்று பார்ப்போம். மீன்வளத் துறையின் ஏட்டையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.